மூணு கறுப்பு உள்ள மெஷின்

சித்திரா மில் தொழிலாளர் லைன் வீடுகளில் சுவரோடு சுவராகத் தொங்கிக்கொண்டிருந்த செத்தவர்கள் எல்லாரும் ஒரு மாசி மாதத்து வெள்ளிக்கிழமையிலிருந்து தங்கள் தங்கள் படத்துக்குள்ளேயே பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். நாளைக்கு ஒரு அடி, கூடவும் இல்லை குறையவும் இல்லை, முகத்தை நம் பக்கமே வைத்துக்கொண்டு, குதிகாலால் தரையைத் தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்து. மார்பளவுப் படமாக இருந்தவர்களுக்கு முதல் வாரத்தில் இடுப்பு தெரிந்தது, இரண்டாம் வாரத்தில் முழங்கால் தெரிந்தது, மூன்றாம் வாரத்தில் பாதம் தெரிந்தது. மேலே ஸ்டுடியோக்காரரின் இரவல் கோட்டும் கீழே ஒட்டுப்போட்ட வேட்டியுமாக நின்ற தங்கள் அப்பாமாரை லைன்காரர்கள் அப்போதுதான் முதன்முதலாக முழுசாகப் பார்த்தார்கள்.

யாரும் அலறவில்லை. அலறுவதற்கும் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும். அறுபத்திரண்டு வீட்டிலும் முதலில் மாலையைக் கழற்றினார்கள், முகத்தை மறைக்கிறது என்று. பிறகு கண்ணாடியைத் துடைத்தார்கள். பிறகு சிவப்பு பல்பைப் பிடுங்கிவிட்டு டியூப் லைட் போட்டார்கள். அதற்குப் பிறகும் போனவர்கள் போய்க்கொண்டே இருந்ததால், ஆள் சிறுத்தால் படத்தைப் பெரிசாக்கினால் ஆச்சு என்று பஜாரில் ஜோதி ஸ்டுடியோ வாசலில் போய் வரிசையில் நின்றார்கள். செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்திலும் அதே அளவு பின்னால்தான் போயிருந்தார்கள், ஸ்டுடியோ பெட்டியில் கிடந்த பழைய பிலிமிலும் அப்படியேதான். ஏன் போகிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கூலியைக் குறைத்தபோது கேட்காதவர்கள், மில்லைப் பூட்டியபோது கேட்காதவர்கள், மில்லை இடித்து மனை போட்டபோது மூலை மனை காலியா என்று மட்டும் கேட்டவர்கள், அப்பன் பின்னால் போவதற்கா வாயைத் திறக்கப்போகிறார்கள் என்றாள் அன்னப்பழம்.

அன்னப்பழம் மில்லில் ரீலிங் பகுதியில் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றியவள், பொம்பளை ஆட்களுக்குச் சங்கத்தில் செயலாளராக இருந்தவள், எழுபது வயதிலும் மே மாதம் ஒண்ணாந்தேதி தனியாளாகக் கொடியைத் தூக்கிக்கொண்டு லைனை மூன்று சுற்றுச் சுற்றுகிறவள். அவளுக்குத் தெரியும், அந்த நடை எந்த நடையென்று. குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்த அத்தனை பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

“தடியடி வந்தா எப்படிப் பின்வாங்கணும்னு கேட்டுல நின்னு சொல்லிக்கொடுத்தவ நான். முதுகைக் காட்டாதீங்க, முகத்தைத் திருப்பாதீங்க, ஒவ்வொரு அடியாப் பின்வாங்குங்கன்னு. அதே மாதிரிதான் போறாங்க. அன்னைக்குப் போலீசைப் பாத்துப் பின்வாங்கினாங்க, இன்னைக்கு உங்க மூஞ்சியப் பாத்துப் பின்வாங்குதாங்க.”

“அப்போ உங்க வீட்டுப் படத்துல உள்ளவங்க யாரு மூஞ்சியப் பாத்துப் போறாங்க, பெரியம்மா?” என்று கேட்டாள் மில்லின் பழைய குமாஸ்தா ஆவுடையப்பனின் மருமகள் சுபத்திரா, குடத்தை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டே. குழாயடி சிரித்தது. அன்னப்பழம் பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள், அது அந்த லைனுக்கு ஒரு வாரத்துப் பேச்சாக இருந்தது.

அவள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு படம். எண்பத்து மூன்றாம் வருஷத்து வேலைநிறுத்தத்தின் இரண்டாம் நாள், சங்கிலி போட்ட மில் கேட்டுக்கு முன்னால் ஒன்பது பெண்கள், நடுவில் முஷ்டியைத் தூக்கி நிற்கிற அன்னப்பழம், அவளுக்கு இடது பக்கம் தோளோடு தோளாக பேச்சிக்கனி. பதினாலு வயதில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, பதினைந்து வருஷம் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவர்கள். நாற்பத்தொன்பதாம் நாள் நிர்வாகம் ஒரு காகிதம் நீட்டியது. மற்ற எல்லாரையும் திரும்ப வேலைக்கு எடுப்போம், ஆனால் கேட்டில் முன்னால் நின்ற ஒன்பது பெண்களில் ஒருத்தியை மட்டும் எடுப்போம், மற்ற எட்டுப் பேரை எடுக்க மாட்டோம், அந்த ஒருத்தி கையெழுத்துப் போடட்டும். உள்ளே போய் மற்ற எட்டுப் பேருக்காகப் போராடலாம் என்று அன்னப்பழம் கையெழுத்துப் போட்டாள். உள்ளே போனாள். இருபத்திரண்டு வருஷம் நூல் சுற்றினாள். எட்டுப் பேரில் ஒருத்தியும் உள்ளே வரவில்லை. பேச்சிக்கனி அதற்குப் பிறகு பதினொரு வருஷம் அதே லைனில் இருந்தாள், தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்தாள், அன்னப்பழம் எதிரே வந்தால் ரேஷன் கடையானாலும் சுடுகாட்டுப் பாதையானாலும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பாள், அப்படி ஒரு தடவைகூட முகங்கொடுக்காமலேயே செத்தும் போனாள். அவள் முகம் அன்னப்பழத்தின் பக்கம் திரும்பியிருந்த இடம் உலகத்தில் அந்தப் படம் ஒன்றுதான்.

இப்போது படத்தில் முஷ்டி தூக்கியவள் மட்டும் முன்னால் நிற்க, மற்ற எட்டுப் பேரும் ஒவ்வொருத்தியாகச் செத்து முடிந்திருந்ததால், எட்டுப் பேரும் பின்னால் போய் அரிசி மணி அளவுக்கு ஆகியிருந்தார்கள். நடக்கிறவர்களுக்கு முகமும் மாறுகிறது என்று லைனில் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். விறைப்பாக உட்கார்ந்திருந்த ஒரு மாமனார் பதினைந்தாம் நாள் கொட்டாவி விட்டிருந்தார். அன்னப்பழத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பேச்சிக்கனி கண்ணுக்கு எட்டாத தூரம் போவதற்குள் அவள் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், அதில் இன்னும் கோபம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ராத்தலுக்கு இத்தனை பேர் என்று அவள் துச்சமாக நிறுத்துப் போட்டிருந்த இந்த ஜனங்களிடம் போய் எதைச் சொல்வது?

ஜோதி ஸ்டுடியோ மெஷின் ஒரு முழத்துக்கு மேல் போடாது. ஊரில் இருந்த பிளக்ஸ் கடையில் போட்டால் அப்பா முகம் கேப்பை மாவைக் கொட்டி வைத்த மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. வாரத்துக்கு ஒரு தடவை பெரிசாக்க வேண்டியிருந்ததால், அறுபத்திரண்டு வீடும் சேர்ந்து ஒரு பெரிய போட்டோ பிரிண்டர் வாங்கி ஒரு வீட்டில் வைத்துக்கொள்வது என்று குடியிருப்போர் நலச்சங்கத்தில் முடிவாயிற்று. ஒரு காலத்தில் தொழிற்சங்கம் இருந்த அதே ஓட்டுக் கொட்டகையில்தான் இந்த நலச்சங்கம் இருந்தது; கொசு மருந்தும் பொங்கல் கோலப்போட்டியும் அதன் போராட்டங்கள். தலைவர் சண்முகையா மூன்று பேரைத் திருநெல்வேலிக் கடைக்கு அனுப்பத் தீர்மானம் போட்டார்: தான் ஒருவர், யார் வீட்டில் வைப்பதோ அந்த ஆவுடையப்பன் ஒருவர், விற்கிறவனைப் பேசவிடாமல் பேச அன்னப்பழம்.

ஆவுடையப்பன் வீட்டைத் தவிர வேறு வீடு இல்லை. லைன் வீட்டு வாசல் இரண்டரை அடி, உள்ளே எட்டுக்குப் பத்து, ஆறடிப் பெட்டியை உள்ளே கொண்டுபோனாலும் திருப்ப முடியாது. ஆவுடையப்பன் மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து, வேலைக்கு வந்தவர் போனவர் கணக்கு எழுதியவர், வேலைநிறுத்தத்தில் பின்பக்கச் சுவரேறி உள்ளே போய் உட்கார்ந்தவர், அந்த நன்றிக்கு நிர்வாகம் இரண்டு லைன் வீட்டை இடித்து ஒன்றாக்கி இரட்டைக் கதவு போட்டுக் கொடுத்தது. மே ஒண்ணாந்தேதி அன்னப்பழம் அந்த இரட்டைக் கதவுக்கு முன்னால் மட்டும் நின்று, “கருங்காலி! கருங்காலி! கருங்காலி!” என்று மூன்று தடவை கத்திவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர்வாள். நாற்பது வருஷமாக ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

கடைக்காரப் பையன் டை கட்டியிருந்தான். “வீட்டு உபயோகத்துக்கா சார்? அப்போ இந்தப் பதிமூணு இஞ்ச் போதும், மேசை மேலேயே வெச்சுக்கலாம்” என்றான்.

“எங்க ஆட்கள் தூரத்துல நிக்காங்க, தம்பி,” என்றார் சண்முகையா. “பெரிசாப் பாரு.”

இருபத்துநாலு இஞ்ச் காட்டினான். சண்முகையா கையை அகல விரித்தார். நாற்பத்துநாலு இஞ்ச் காட்டினான். அதில் இரண்டு மெஷின் இருந்தன. ஒன்று ஆறு மை ஊற்றுகிறது, வேகமானது, சண்முகையா போனில் கொண்டுவந்த தன் அப்பா படத்தை அது நாலு நிமிஷத்தில் வெளியே தள்ளியது, தள்ளும்போதே அப்பாவுக்கு ரோஸ் பவுடர் பூசியிருந்தது.

“அடடா!” என்றார் சண்முகையா. “எங்கப்பா இப்படித்தான் இருந்தாரு.”

“உங்கப்பன் பாய்லர்ல கரி தள்ளினவன்,” என்றாள் அன்னப்பழம். “பல்லும் கண்ணும்தான்வேய் அவனுக்கு வெள்ளை. இவன் யாரு, எந்த ஊரு ஜமீனு?”

“செத்தவங்களாவது கொஞ்சம் பளிச்சுன்னு இருந்துட்டுப் போகட்டுமே மதினி.”

“உயிரோட இருக்கையில நிழல்ல உக்கார விடல. செத்தப்புறம் வெளுப்பு வேணுமாக்கும்.”

அவள் மடியிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்தாள். நூலில் முடிச்சும் தூசியும் பார்ப்பதற்கு மில்லில் கொடுத்தது. மில் போனது, அது அவளிடமே தங்கிவிட்டது. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போடச் சொல்லி, வந்த தாளில் லென்ஸை வைத்துக் குனிந்தாள்.

“இது பச்சை,” என்றாள்.

“கறுப்புதான் மேடம்.”

“நீ கறுப்பைப் பாத்ததே இல்லை தம்பி. மூணு நிறத்தைக் கலந்து கறுப்புன்னு ஏமாத்துது உன் மெஷின். ஓரத்துல பச்சையாக் கசியுது பாரு.”

பையன் லென்ஸில் பார்த்தான். டையைத் தளர்த்திக்கொண்டு மற்ற மெஷினைக் காட்டினான். அது மெதுவானது, ஒரு படத்துக்கு முக்கால் மணி நேரம் எடுக்கும், ஆனால் அதற்குக் கறுப்பு மட்டுமே மூன்று குப்பி. ஒன்று அடர்த்தி, ஒன்று நடுத்தரம், ஒன்று வெளிறியது. அதில் போட்ட தாளில் அன்னப்பழம் லென்ஸை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவேயில்லை. நிழலுக்குள் நிழல் இருந்தது. இருட்டான ஒரு கதவும் அதைவிட இருட்டான ஒரு சந்தும் தனித்தனியாகத் தெரிந்தன. எங்கள் ஆட்கள் எல்லாரும் கறுப்பு வெள்ளையில் செத்தவர்கள், இதுதான் எங்கள் மெஷின் என்றாள்.

லைனில் வாக்கெடுப்பு வைத்தார்கள். கை தூக்கச் சொன்னால் எந்தக் காலத்திலும் பக்கத்து ஆளின் கையைப் பார்த்துவிட்டே தூக்குகிறவர்கள், வெளுப்புக்கு முப்பத்தொரு கை தூக்கினார்கள், கறுப்புக்கு முப்பது கை தூக்கினார்கள். அந்த முப்பதுக்கு வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசி அன்னப்பழத்துக்குத் தொண்டை கட்டியிருந்தது. மிச்சம் ஆவுடையப்பனின் கை. சமமாக வந்தால் மெஷினை வைத்துக்கொள்கிற வீட்டுக்காரர் சொல்வதே முடிவு என்று ஏற்கெனவே பேசியிருந்தார்கள். அவர் எழுந்து கொட்டகைக்கு வெளியே போய் அன்னப்பழத்தைக் கூப்பிட்டார்.

“எனக்கு எது வந்தாலும் ஒண்ணுதான். உன் பக்கம் கையைத் தூக்குதேன். ஆனா அந்த வார்த்தையை விட்டுரணும்.”

“எந்த வார்த்தை?”

“என் வாசல்ல நின்னு வருஷா வருஷம் சொல்லுதியே, அது. பேத்தி என்கிட்ட வந்து, தாத்தா உங்களை ஏன் மரத்துப் பேரு சொல்லிக் கூப்பிடுதாங்கன்னு கேக்கா. நான் என்னன்னு சொல்ல?”

“சுவரேறிக் குதிச்சேன்னு சொல்லும்.”

“நீ மில் கேட்டு வழியாப் போன. அவ்வளவுதான வித்தியாசம்?”

நாற்பது வருஷத்தில் ஒருத்தரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லாத வார்த்தை. அன்னப்பழம் அவரை அறைந்திருக்கலாம், அவளுக்கு அது புதிதும் இல்லை. ஆனால் படத்தில் உள்ள அரிசி மணி நாளைக்குக் கடுகு மணி ஆகும், கடுகு மணி அடுத்த வாரம் ஒன்றுமில்லாமல் ஆகும்.

“கருங்காலின்னு சொல்லாம விட்டா நீரு என்ன ஆயிருவீரு?” என்று கேட்டாள்.

“ஆவுடையப்பன் ஆயிருவேன்.”

“ஆயித் தொலையும்.”

மூன்று கறுப்பு உள்ள மெஷினே சித்திரை மாதம் லாரியில் வந்து இரட்டைக் கதவு வழியாக உள்ளே போய், நடு ஹாலில், டி.வி. இருந்த இடத்தில் உட்கார்ந்தது. கம்ப்யூட்டர் தெரிந்த சுபத்திரா அதை ஓட்டினாள். அவள் கட்டில் சமையலறைக்குப் போனது. தினம் ஒரு படமாவது போடாவிட்டால் மை வருகிற துளை காய்ந்து அடைத்துக்கொள்ளும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான், அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள் லைன்காரர்கள். துளை காயக்கூடாதே என்று காதுகுத்துப் படம் போட்டார்கள். துளை காயக்கூடாதே என்று புது பைக்கோடு நிற்கிற படம் போட்டார்கள். செத்தவர்களுக்காக வாங்கிய மெஷினில் உயிரோடிருப்பவர்கள் ஆளுயரத்துக்கு வெளியே வந்து, தங்கள் வீட்டுச் சுவரில் தாங்களே நின்றுகொண்டு, தாங்களே எதிரே உட்கார்ந்து தங்களைப் பார்த்துக் காப்பி குடித்தார்கள். சண்முகையா நான்கு சட்டையில் நான்கு படம் போட்டுக்கொண்டார். கறுப்பு மெஷினாக இருந்தாலும் பவுடர் பூசிக்கொண்டு வந்து நின்றால் அது என்ன செய்யும்? செத்தவர்களின் முறை தள்ளிக்கொண்டே போயிற்று, அவர்கள் பாட்டுக்கு நாளைக்கு ஒரு அடி போய்க்கொண்டே இருந்தார்கள்.

அன்னப்பழத்தின் முறை வைகாசியில் வந்தது. ஜோதி ஸ்டுடியோ பெட்டியிலிருந்து தேடி எடுத்த பிலிமைக் கொண்டுவந்தாள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக ஆவுடையப்பன் வீட்டு நிலைப்படியைத் தாண்டினாள். செருப்பைக் கழற்றவில்லை.

“சங்கத்துல ஒரு சட்டம் வெச்சிருக்காங்க பெரியம்மா. படத்துல உள்ளவங்க என்ன உறவுன்னு எழுதணும். உறவு இல்லாதவங்களுக்குப் போடக்கூடாதாம்.”

“முகங்கொடுக்காதவள்னு எழுது.”

“அப்படி ஒரு உறவு இல்லையே.”

“இந்த லைன்ல வேற என்ன உறவு இருக்கு? எழுதுட்டி.”

சுபத்திரா அக்கா தங்கச்சி என்று எழுதிக்கொண்டு, பிலிமைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பொத்தானை அமுக்கினாள்.

மதியம் இரண்டு மணி. மெஷின் தறி மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது, போய் வந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நூல் அளவு படம் கீழே இறங்கியது. முதலில் வானம், வானம், வெறும் வானம். பிறகு புகைபோக்கி. பிறகு மில்லின் பெயர்ப்பலகை. ஆவுடையப்பன் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, இரண்டடி தள்ளி நின்றார். பிறகு கேட்டின் மேல்கம்பிகள் வந்தன. அன்னப்பழம் லென்ஸை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கோபம் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம், பதினொரு வருஷம் தாங்கியதுதானே என்று நினைத்தாள். கோபம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

கேட்டில் சங்கிலி இருந்தது. ஆனால் பெரிய கேட்டுக்குள் ஆள் போகிற சின்னக் கதவு திறந்திருந்தது. மூன்று கறுப்பும் சேர்ந்து அந்தக் கதவுக்குள் இருந்த இருட்டை அவ்வளவு துலக்கமாகக் கொண்டுவந்தன: உள்ளே வேப்பமரம், மரத்துக்கு அந்தப் பக்கம் ரீலிங் கொட்டகை, கொட்டகை வாசலில் ஏழு சேலை, ஏழு சேலையும் பாதி உள்ளே போய்விட்டன. கடைசி ஆளாகப் பேச்சிக்கனி சின்னக் கதவில் நின்றாள், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, கையில் தூக்குவாளி. முகம் புளியங்கொட்டை அளவு இருந்தது. அன்னப்பழம் மை காய்வதற்குள் லென்ஸை வைத்தாள்.

கோபம் இல்லை. பாசமும் இல்லை. மில்லில் வேலை தொடங்க இரண்டாவது சங்கு ஊதியதைக் கேட்டவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நெற்றியில் வியர்வை, உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள், பிந்திவிடக் கூடாதே என்கிற அவசரம் ஒன்றுதான் அதில் இருந்தது. கண் அன்னப்பழத்தின் பக்கம் இருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. வழியில் நிற்கிற விளக்குக் கம்பத்தைப் பார்ப்பது போல அவளைத் தாண்டி எதையோ பார்த்தது. யாரைப் பார்த்தும் யாரும் பின்வாங்கவில்லை. லைனைப் பார்த்தும் இல்லை, கையெழுத்துப் போட்டவளைப் பார்த்தும் இல்லை. எடுக்க மாட்டோம் என்று சொன்ன மில்லுக்குள் எட்டுப் பேரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மெஷின் நிற்கவில்லை. இன்னும் அரை மணி நேரம் ஓடி, முன்னால் நிற்கிறவளை மேலேயிருந்து கீழாகக் கொண்டுவந்தது: தூக்கிய முஷ்டி, திறந்த வாய், கழுத்து நரம்பு, இழுத்துச் செருகிய சேலை. தாளில் பாதி அவள்தான். கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரும் இல்லாத ரோட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். சுபத்திரா தாளை வெட்டி எடுத்துச் சுவரில் சாய்த்தாள்.

“எல்லாரும் உள்ள போயிட்டாளுவ,” என்றார் ஆவுடையப்பன்.

“டைம் ஆபீஸ்காரர்தான நீரு,” என்றாள் அன்னப்பழம். “எழுதும்.”

“எதை?”

“எட்டுப் பேரும் ஆஜர்னு.”

அவர் சிரிப்பார் என்று சுபத்திரா நினைத்தாள். அவர் கீழே கிடந்த வெட்டுத்தாள் துண்டை எடுத்து, மெஷின் மேலேயே வைத்து, சட்டைப்பை பேனாவைத் திறந்து, யாரையும் கேட்காமல் எட்டுப் பேருக்கும் டோக்கன் நம்பர் போட்டு, நம்பருக்கு நேரே பேர் போட்டு, பேருக்கு நேரே ஆஜர் போட்டார். ஒரு நம்பரும் தப்பவில்லை. ஒன்பதாவது நம்பரையும் பழக்கத்தில் எழுதிவிட்டு, அதற்கு நேரே பேனாவை நிறுத்தினார்.

“உனக்கு?”

அன்னப்பழம் சுவரில் சாய்த்திருந்த பொம்பளையை, அவள் தூக்கிய முஷ்டியிலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள்.

“சங்கு ஊதினப்புறம் கேட்டுக்கு வெளிய நின்னு கத்திக்கிட்டு இருக்கவளுக்கு என்னவேய் போடுவீங்க?” என்றாள். “அதைப் போடும்.”